ஒன்பதரை மணிக் கருடன்

தனேஸ்வரனுக்குச் சோறு போட்டது சூடுதான். பகலெல்லாம் ஈப்போவில் வேனை ஓட்டிக்கொண்டு திரிந்து, பழுதான ஏர்கோன்களைத் தட்டிக்கொட்டி, அடுத்தவர் வீட்டுச் சூட்டை வெளியே தள்ளுவான். சிலிபினில் இருக்கும் வாடகை வீட்டுக்குத் திரும்பிக் குளித்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தால், அதற்கு நேர்மாறான உத்தியோகம். இல்லாத வெயிலில் இல்லாத தார்ச்சாலையைக் காய்ச்சி, அங்கிருந்து இல்லாத சூடான காற்றை மேலே அனுப்புவான். அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு இல்லாத விமானங்கள் ஏறும். பொருத்தமாக, இதற்குச் சம்பளமும் இல்லை.

விஷயம் இதுதான். கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். வெயில் பட்டுத் தரை சூடேறிய இடத்தில் காற்று தூண் மாதிரி மேலே கிளம்பும். அந்தத் தூணுக்குள் புகுந்து வட்டமடித்தால் கிளைடர் உயரும். பறக்கிறவர்கள் அதைத் தெர்மல் என்பார்கள். தெர்மலை விட்டு வெளியே வந்தால், அடுத்த தெர்மல் கிடைக்கும்வரை மெல்ல இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். துணிந்தவர்கள் இதை நிஜ வானத்தில் செய்கிறார்கள். வசதியில்லாதவர்களும் முட்டிவலிக்காரர்களும் மனைவிக்குப் பயந்தவர்களும் வீட்டில் உட்கார்ந்து ஃபிளைட் சிமுலேட்டரில் செய்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் வாராவாரம் கூடிப் பந்தயம் விடும் ‘கிந்தா கிளைடர்ஸ்’ என்ற இணையக் குழுவுக்கு வானிலை தயாரித்துக் கொடுப்பவன் தனேஸ்.

ஆரம்பத்தில் அங்கே ஒரே சண்டை. ஒவ்வொருவர் கணினியும் தன் இஷ்டத்துக்கு ஒரு வானத்தைக் காட்டும். நியூசிலாந்தில் ஆடு வளர்க்கும் ஒருவர் சுகமாக மேலே ஏறிக்கொண்டிருப்பார். அவர் வாலைப் பிடித்துக்கொண்டே வந்த போலந்துப் பல் வைத்தியர் அதே இடத்தில் கல் மாதிரி இறங்குவார். உடனே பல் வைத்தியர் ஆட்டுக்காரரைத் திட்டுவார், ஆட்டுக்காரர் பல் வைத்தியர்களின் குலத்தையே திட்டுவார். தனேஸ் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒரே வானத்தை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவைக்கும் நிரல் ஒன்றை எழுதினான். பேராக் மாநிலத்தையே உள்ளே கட்டினான். சுண்ணாம்பு மலைகள், ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்த காடுகள், ஈயம் தோண்டிவிட்டுப் போட்டுவிட்டுப் போன குட்டைகள், கடைவீதிக் கூரைகள் என்று ஒன்றையும் விடவில்லை. தார் சீக்கிரம் சூடாகும், குட்டை ஆகாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தான். தரையில் இல்லாத சூட்டை வானத்தில் வைக்கக் கூடாது. ஆட்டுக்காரர் தன் பிறந்தநாளன்று கெஞ்சியும் கூடுதலாக ஒரு தெர்மல் கொடுத்ததில்லை. லஞ்சம் வாங்காத ஒரே இலாகா தன்னுடையதுதான் என்று பெருமைப்பட்டுக்கொள்வான். யாரும் இதுவரை கொடுக்க முன்வரவில்லை என்பதை அந்தப் பெருமை கண்டுகொள்ளவில்லை.

ஷாமினியை அந்த வானத்தில்தான் சந்தித்தான். ‘ஹார்ன்பில்’ என்ற பெயரில் பறப்பாள். அவள் ஆங்கிலத்தை வைத்துக் கனடாக்காரி என்று இவன் முடிவு கட்டியிருந்தான். அவள் இவனை ஃபிஜிக்காரன் என்று நினைத்திருந்தாள். ஒரு மாலை பந்தயத்துக்கு நடுவில் அவள் மைக்கில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹார்ன் கேட்டது. கனடாவிலும் ரொட்டிக்காரர் வருகிறாரா என்று இவன் ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள், அதே ஹார்ன் இவன் ஜன்னலுக்குக் கீழே கேட்டது.

இவன் தமிழுக்கு மாறினான். “ஹலோ, ரொட்டிக்காரரு இப்பத்தான் உங்க ரோட்ட விட்டுக் கெளம்புனாரா?”

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

“அலாமாக்! நீங்க சிலிபினா? அவருகிட்ட காயா பன் இருக்கா பாருங்க. நான் மலைய ஒட்டிப் போனதுல அவர விட்டுட்டேன்.”

இவன் தேங்காய்ப்பால் ஜாம் வைத்த காயா பன் வாங்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி நடந்தே போனான். ஆளில்லாத இவன் கிளைடர் அதற்குள் ஒரு குகைக்கோயில் வாசலில் மோதி உடைந்திருந்தது. வாழ்க்கையில் அவன் அடைந்த ஒரே வெற்றிகரமான விபத்து அது.

விபத்துகளைப் பற்றி ஷாமினிக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குக் காப்புறுதி நிறுவனத்தில் வேலை. ‘பூனை குறுக்கே வந்தது’, ‘மரம் குறுக்கே வந்தது’ என்று மோதியவர்கள் எழுதி அனுப்புவதைப் படித்து, யார் சொல்வது உண்மை என்று முடிவு செய்ய வேண்டும். அதனால் அவள் லேசில் யாரையும் நம்புவதில்லை. தனேசை நம்பினாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை, கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவாளோ என்று பயம்.

அடுத்து அவள் அப்பா ராமையா. ஸ்ட்ராத்வெல் தோட்டத்தை விற்றபோது, அங்கிருந்த மாரியம்மனை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, செம்மோர் போகும் பெரிய சாலைக்கும் ஒரு பழைய ஈயக் குட்டைக்கும் இடையில் கிடைத்த துண்டு நிலத்தில் வைத்தவர். அன்றிலிருந்து அந்தக் கோயிலுக்கு அவர்தான் தலைவர். வீட்டில் மனைவி இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவும் மகளும்தான்.

“அவரு சிரிச்ச மூஞ்சியோட அனுப்பி வச்சாத்தான் வருவேன்,” என்று ஷாமினி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். “அவரத் தனியா விட்டுட்டு வாரேன்ல.”

ஆக, தனேஸ் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, அவர் முகத்தில் சிரிப்பை வாங்கப் போனான்.

“தம்பிக்கு என்ன வேல?”

“ஏர்கோன் சர்வீஸ், அங்கிள்.”

“நல்ல வேல. நம்ம நாட்டுல சூடு எங்கயும் போயிறாது. வேற?”

வேற என்று அவர் கேட்டது சும்மா ஒரு பேச்சுக்கு. ஷாமினிதான் அவசரப்பட்டாள். “அப்பா, இவரு வெதர் செய்வாரு. கம்ப்யூட்டர்ல. காத்து எங்க மேல போகுது, பருந்து எங்க சுத்தும், எல்லாம் சொல்லுவாரு.”

ராமையாவின் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

“பருந்தா?”

கோயில் கும்பாபிஷேகத்தில், கோபுரக் கலசத்தில் குருக்கள் தண்ணீர் ஊற்றும் நேரத்தில், கருடன் வந்து மேலே வட்டமிட வேண்டும். அதற்காகத்தான் கூட்டம் முழுக்கக் கழுத்தை ஒடித்துக்கொண்டு நிற்கும். ஸ்ட்ராத்வெல் மாரியம்மனுக்கு முதல் கும்பாபிஷேகம் நடந்தபோது கருடன் வரவில்லை. ஒரு காக்கை வந்தது. அதுவும் கோபுரத்துக்குப் போகாமல் ஒலிபெருக்கியில் உட்கார்ந்து கரைந்ததில், சத்தம் பெரிய சாலைவரை கேட்டது. அதே வருஷம் சித்தியவானில் ராமையாவின் மச்சான் மாயாண்டி தலைவராக இருக்கும் கோயிலுக்கு மூன்று கருடன் வந்தது. அதிலிருந்து எந்தக் கல்யாணமானாலும் கருமாதியானாலும் மாயாண்டி, “மூணு வந்துச்சு மச்சான்” என்று ஆரம்பிக்காமல் கையை நனைப்பதில்லை. இப்போது பன்னிரண்டு வருஷம் கழிந்து அடுத்த கும்பாபிஷேகம் வந்துகொண்டிருந்தது.

ராமையா கோப்பையைக் கீழே வைத்தார். “தம்பி, கருடன் வந்தா உங்க கல்யாணம். வரலன்னா, நீங்க இந்த வீட்டுக்கு ஏர்கோன் பாக்க வரலாம். பொண்ணு பாக்க வர வேணாம்.”

“அப்பா! நான் என்ன லக்கி டிராவா?”

“நீ சும்மா இரும்மா. இது கோயில் விஷயம்.”

தனேஸ் வேலையில் இறங்கினான். ஏர்கோன் வேலைக்கு வைத்திருக்கும் வெப்பமானியைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். கோபுரம், புல்தரை, குட்டை, எதிர்வரிசைக் கடைகள் எல்லாவற்றையும் அளந்தான். வழிபட வந்த பெண்கள் சுகாதார இலாகா கொசு ஒழிக்க ஆள் அனுப்பியிருக்கிறது என்று நினைத்துத் தங்கள் வீட்டு வாய்க்காலைப் பற்றிப் புகார் சொன்னார்கள். எல்லாவற்றையும் சிமுலேட்டருக்குள் ஏற்றிக்கொண்டு ராமையாவைக் கூட்டிவந்து காட்டினான்.

குருக்கள் குறித்துக் கொடுத்திருந்த நேரம் காலை ஒன்பதரை. அந்த நேரத்துக்கு வெயில் இன்னும் சோம்பேறியாகத்தான் இருக்கும். மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று தனேஸ் கேட்டதற்குக் குருக்கள் அவன் நெற்றியில் விபூதியைக் கொஞ்சம் அழுத்திப் பூசினார். கோயிலுக்குக் கிழக்கே ஈயக் குட்டை. காலையில் தண்ணீர் மேல் காற்று ஏறாது. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் நாகூர் மீரானின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை இருந்தது. கடை முன்னால் கார் நிறுத்த அகலமான தார்த்தரை, மேலே சிங்க் தகட்டுக் கூரை, உள்ளே எந்நேரமும் எரியும் அடுப்பு. திரையில் தனேஸ் கிளைடரை விட்டான். கோயில் மேல் அது இறங்கியது. சாலையைத் தாண்டியதும் கும்மென்று ஏறி, ‘24 மணி நேரமும் திறந்திருக்கும்’ என்ற பலகைக்கு நேர் மேலே வட்டமடித்தது.

ராமையா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அப்ப கருடன் நாசி கண்டார் கடைக்குத்தான் போகும்ங்கிற.”

“காத்து அங்கதான் இருக்கு அங்கிள்.”

அவர் திரையில் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். “இதக் கொஞ்சம் இப்பிடி நகத்தி வையேன்.”

“முடியாது அங்கிள். தரையில இல்லாத சூட்ட வானத்துல வைக்க மாட்டேன்.”

“கம்ப்யூட்டர்லதானே?”

“கம்ப்யூட்டர்லயும்தான்.”

கல்யாணத்தின் பாதித் தூரத்தில் நின்றுகொண்டு இப்படிப் பேசுகிறோமே என்று அவனுக்கே இருந்தது. பின்னாலிருந்து ஷாமினி அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள். அது பாராட்டா எச்சரிக்கையா என்று தெரியவில்லை. வலித்தது.

ராமையா எழுந்தார். வாசல்வரை போனார். திரும்பி வந்தார்.

“சரிலா. அப்ப தரையில வச்சா?”

இப்படித்தான் கோயில் மண்டபத்தின் பெரிய சிங்க் கூரைக்குக் கறுப்புச் சாயம் அடிக்கப்பட்டது. இளம்பச்சையாக இருந்த கூரை இரண்டே நாளில் எருமை முதுகு மாதிரி ஆனது. செம்பனை நாற்றுப்பண்ணையிலிருந்து கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு கொண்டுவந்து புல்தரை முழுக்கப் பரப்பினார்கள். கமிட்டியில் ஒருவர், அம்மனுக்குக் கறுப்பு ஆகாதே என்று இழுத்தார். ராமையா அவரைப் பார்த்து, “உன் தலமுடிக்கு அடிச்சிருக்கியே, அது ஆகுதா?” என்று கேட்டார். ஆட்சேபணை அத்துடன் அடங்கியது.

நாகூர் மீரானிடம் பேச ராமையா வெட்கப்பட்டுத் தனேசை அனுப்பினார். தனேஸ் கல்லா அருகில் நின்று எல்லாவற்றையும் விளக்கினான். நாகூர் மீரான் தேத்தாரே தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு இழுத்து ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“ஆக, என் கடைக்கு மேல சுத்துறது உங்க சாமியோட பறவ.”

“ஆமா பாய்.”

“நான் கூப்புடல தம்பி.”

“தெரியும் பாய். உங்க தார் கூப்புடுது.”

நாகூர் மீரான் எட்டிப் பார்த்துத் தன் தார்த்தரையை முதல்முறையாகச் சந்தேகத்துடன் நோக்கினார். “என்ன செய்யணும் சொல்லு.”

“அன்னிக்குக் காலையில இருந்து தார் மேல தண்ணி அடிச்சு நனைச்சே வச்சிருக்கணும். சூடு ஏறக் கூடாது.”

“அம்புட்டுத்தானே? நான் அடிக்கிறேன். ராமையா அண்ணன் வீட்டு விசேஷம், பறவ என் கடைக்கு வந்தா அவரு மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது?” குவளையை நீட்டினார். “குடி. பொண்ணுக்கு ஒண்ணு பையில கட்டி புங்குஸ் பண்ணவா?”

கறுப்புக் கூரை உண்மையாகிவிட்டதால், இனி அதைச் சிமுலேட்டரில் வைப்பதில் சட்டம் குறுக்கிடவில்லை. தனேஸ் வைத்தான். ஒன்பதரை மணிக்குக் கோபுரத்தின் மேல் நோஞ்சானாக ஒரு தெர்மல் கிளம்பியது. ஒத்திகை பார்க்கக் குழுவை அழைத்தான். போலந்துப் பல் வைத்தியர் இரண்டு நாள் உழைத்துத் தன் கிளைடருக்குச் செம்பழுப்பு இறக்கையும் வெள்ளைத் தலையும் தீட்டிக்கொண்டு வந்தார். ஆட்டுக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். தெர்மலுக்குள் முதலில் நுழைகிறவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அதே பக்கம்தான் மற்றவர்களும் சுற்ற வேண்டும் என்பது கிளைடர்காரர்களின் விதி. ஆகவே வலமா இடமா?

ஷாமினி அப்பாவைக் கேட்டாள்.

“கோயில்ல வேற எப்பிடிச் சுத்துவாங்க? வலமாத்தான். அது பல் டாக்டராவே இருக்கட்டும்.”

திரையில் ஷாமினி முதலில் நுழைந்தாள். பின்னால் போலந்தும் நியூசிலாந்தும் வலமாகச் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறின. தனேஸ் எதற்கோ திரும்பிப் பார்த்தான். ராமையா செருப்பை அறைக்கு வெளியே கழற்றிவிட்டு வந்து, அவன் நாற்காலிக்குப் பின்னால் கைகூப்பி நின்றிருந்தார். இந்த மனுஷருக்காகவாவது அந்தப் பறவை வந்து தொலைய வேண்டும் என்று அப்போது நினைத்துக்கொண்டான். அதற்குமுன் அவன் தனக்காக மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தான்.

கும்பாபிஷேகத்தன்று விடியவே இல்லை. விடிந்ததுதான், ஆனால் யாருக்கும் தெரியவில்லை. தைப்பிங் பக்கமிருந்து ஒரு பெரிய மேகம் கம்பளி மாதிரி வந்து மூடிக்கொண்டது. பிறகு தூறல். தனேசின் வானத்தில் இருந்த கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தன. சூரியனைத்தான் காணவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் நாகூர் மீரான் ஒரு கையில் குடையும் மறு கையில் ரப்பர் குழாயுமாக, மழையில் நனைந்துகொண்டிருந்த தார்த்தரைக்கு மேலும் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

தனேஸ் ஓடிப்போய், “பாய், போதும் பாய்!” என்றான்.

“சொன்ன வார்த்த சொன்னதுதான் தம்பி. நீ போயி உன் வேலயப் பாரு.”

ஒன்பதரைக்குக் குருக்கள் கோபுரத்தின் மேல் ஏறினார். மேளமும் நாயனமும் உச்சத்துக்குப் போயின. கூட்டம் மொத்தமும் தலையை நிமிர்த்தியது. நிமிர்ந்த முகங்களில் தூறல் விழுந்தது. குருக்கள் தண்ணீரை ஊற்றினார். எல்லாரும் காத்திருந்தார்கள். குருக்களும் வெறும் குடத்தைக் கொஞ்சநேரம் கவிழ்த்தே பிடித்திருந்தார், நல்ல மனிதர்.

ஒரு காக்கை வந்தது. நேராக ஒலிபெருக்கியில் போய் உட்கார்ந்தது.

மாயாண்டி சித்தியவானிலிருந்து வந்து முன்வரிசையில் கைகட்டி நின்றிருந்தார். அவர் கூரையைப் பார்த்தார், காக்கையைப் பார்த்தார். “நெறம் பொருத்தமாத்தான் இருக்கு மச்சான்,” என்றார்.

ராமையா முகத்தில் விழுந்த தூறலைத் துடைத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அன்னதானத்துக்குப் பந்தி பரிமாற மண்டபத்துக்குள் போய்விட்டார். ஷாமினி தனேசைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளிருந்து அப்பா கூப்பிடவும் அவளும் ரசவாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தனேஸ் குட்டைக்கரையில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தான். இனி அந்த வீட்டுக்கு ஏர்கோன் பார்க்கத்தான் போக வேண்டும். அதிலும் அவர்கள் வீட்டு ஏர்கோன் புதிது, சுலபத்தில் பழுதாகாத ரகம். கைப்பேசி சிணுங்கியது. கும்பாபிஷேக நேரலையைப் போலந்தில் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்த பல் வைத்தியர் எழுதியிருந்தார். உங்கள் மேகத்தின் மேற்கு ஓரம் கிழிகிறது, செயற்கைக்கோள் படத்தில் தெரிகிறது, கொஞ்சம் பொறுங்கள். தனேஸ் அதைப் பையில் போட்டுக்கொண்டான். கும்பம் கவிழ்ந்த பிறகு மேகம் கிழிந்தால் என்ன, தைத்தால் என்ன?

வெகுநேரம் அப்படியே இருந்தான். இரண்டு பந்தி முடிந்திருக்கும். மாயாண்டி சாப்பிட்டுக் கை கழுவக் குழாயடிக்கு வந்தார். இவனைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து பல்லைக் குத்திக்கொண்டே நின்றார்.

“நீதான் காத்து விடுற மாப்பிளையா?”

“மாப்பிள இல்ல அங்கிள். காத்து மட்டுந்தான்.”

மாயாண்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மனச விட்றாதலா. எங்க கோயிலுக்குப் பின்னாடி மீன் மார்க்கெட்டு. அங்க என்னிக்குமே மூணு சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். மச்சான்கிட்ட சொல்லிறாத.”

“அப்ப ஏன் அங்கிள் இத்தன வருஷமா அவரப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?”

மாயாண்டி பல்குச்சியைத் தூர எறிந்தார். “என் தங்கச்சி போன பெறகு மச்சான் யாருகிட்டயும் பேசுறதே இல்ல. இதச் சொன்னா மட்டும் கோவப்பட்டு ரெண்டு வார்த்த திட்டுவாரு. அதுக்குத்தான்.”

தனேஸ் மண்டபத்துப் பக்கம் திரும்பி ராமையாவைத் தேடினான். அப்போது அவன் பிடரியில் சுள்ளென்றது.

வெயில். தூங்கி எழுந்த கோபத்தோடு வந்தது. பிளாஸ்டிக் விரிப்பிலிருந்து ஆவி எழும்பியது. மண்டபக் கூரையின் தகடுகள் டிக், டிக் என்று முறித்துக்கொண்டன. சாயவாடை வந்தது. தனேஸ் எழுந்து நின்றான். மண்டபத்து ஓரம் கிடந்த ஒரு காகிதத் தட்டு, யாரும் தொடாமலே எழும்பி, தள்ளாடி, கூரைக்கு மேலே போய், கோபுரத்தையும் தாண்டிப் போனது.

“அங்கிள்,” என்றான். விரலால் வானத்தைக் காட்டினான்.

சுண்ணாம்பு மலைப் பக்கமிருந்து செம்பழுப்பு இறக்கையும் வெள்ளைத் தலையுமாக ஒன்று வந்தது. ஒருகணம் அவன் அதைப் பல் வைத்தியர் என்றே நினைத்தான். கோபுரத்துக்கு மேலே வந்ததும் இறக்கையை ஒருபக்கம் சாய்த்தது, அசைக்காமலே வட்டமாக ஏற ஆரம்பித்தது. பின்னால் இன்னொன்று. குட்டைக்கு அப்பாலிருந்து இரண்டு சேர்ந்தாற்போல் வந்தன. எண்ண எண்ணக் கணக்கு மாறிக்கொண்டே இருந்தது. எல்லாமே வலமாகச் சுற்றின.

மாயாண்டி நிமிர்ந்தபடியே நின்றார். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். உள்ளே போய் இன்னொரு கரண்டிப் பாயாசம் கேட்டிருக்கலாம். கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அப்புறம் மண்டபத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். வேட்டி அவிழ்ந்ததைக்கூடப் பொருட்படுத்தாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“மச்சான்! ஏ ராமையா மச்சான்! வெளிய வாய்யா! ஏழு! ஏழு வந்திருக்குய்யா!”

அவர் கத்தாவிட்டாலும் கூட்டம் வெளியே வந்திருக்கும். கறுப்புக் கூரைக்குக் கீழே மண்டபம் அதற்குள் இட்லிக் கொப்பரையாக ஆகியிருந்தது. வேர்த்துக் கொட்டி, இலையைக் கையில் ஏந்திக்கொண்டு சனங்கள் முண்டியடித்து வெளியே வந்தார்கள். வந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ‘கருடா’ என்று ஒரு முழக்கம் எழுந்ததில், ஒலிபெருக்கியில் இருந்த காக்கை பறந்தே போய்விட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் நாகூர் மீரான் குழாயை மூடிவிட்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். தன் தார்த்தரைக்கு மேலே வெறும் வானம் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு தலையாட்டினார்.

ராமையா ரசக்கரண்டியோடு வந்து நின்றார். ரசம் வேட்டியில் சொட்டியது. நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, “ஒன்பதரைக்கு வரல,” என்றார்.

தனேஸ் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். அது உண்மை. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

“என்ன மச்சான் பேசுறீங்க?” மாயாண்டிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “லேட்டா வந்தா வரலன்னா, நம்ம சனத்துல ஒருத்தன்கூட எந்தக் கல்யாணத்துக்கும் வந்ததே இல்ல!”

“நீங்கதானய்யா பன்னெண்டு வருஷமா மூணு மூணுன்னு என் உயிர எடுத்தீங்க?”

“எடுத்தேன். இப்ப நாந்தான் சொல்றேன், ஏழு. கண்ணால பாத்தேன்.”

ஷாமினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நெற்றியில் வியர்வை, கையில் காலி வாளி. “அப்பா, எங்க ஆபீஸ்ல கேஸ் வந்தா மொதல்ல சாட்சி யாருன்னு பாப்போம். சொந்தக்காரன் சாட்சி சொன்னா நம்ப மாட்டோம். எதிர்ப்பார்ட்டியே வந்து சாட்சி சொன்னா கேள்வியே கெடையாது.” மாமாவைக் காட்டினாள். “இவர விட எதிர்ப்பார்ட்டி உங்களுக்கு யாரு இருக்கா? கிளேம் பாஸ்.”

ராமையா மச்சானைப் பார்த்தார். மச்சான் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். ராமையா மறுபடி வானத்தைப் பார்த்தார். கழுத்து வலித்திருக்க வேண்டும், ஆனால் தலையை இறக்கவில்லை. முகத்தில் ஏதோ நடந்தது. பல வருஷம் பூட்டிக்கிடந்த கதவை அசைக்கிற மாதிரி முதலில் ஒருபக்கம் மட்டும் கொஞ்சம் நகர்ந்தது. ஷாமினி தனேசின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அந்தச் சிரிப்பைக் கடைசியாகப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“மாப்ளே,” என்றார் ராமையா, வானத்தைப் பார்த்தபடியே.

“அங்கிள்?”

“உள்ள போயிப் பாரு. மண்டபமே வெந்துபோச்சு. நாலு கெழவிங்களுக்கு விசிறிக்கிட்டு இருக்காங்க. நீதான சூடு வச்ச? நீயே ஏர்கோன் போட்டுக் குடு. அதுக்கப்புறம் கல்யாணத்த இங்கதான் வச்சுக்கணும்.”

கூரைக்கு வேறு சாயம் அடிப்பதாக இல்லை. கருடன்கள் தினமும் மதியம் வர ஆரம்பித்திருந்தன. பார்க்க ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் எதிரே நாகூர் மீரான் கடையில் தேத்தாரே குடித்தார்கள். ஆகவே கறுப்புக் கூரைக்குக் கீழே தனேஸ் ஏர்கோன் பொருத்தினான். சாதாரண ஏர்கோனால் அந்தச் சூட்டைச் சமாளிக்க முடியவில்லை. பெரிய கடைகளுக்கு வைக்கிற ரகமாக ஒரு வரிசையே வைத்தான். உள்ளே இழுத்த சூடு வெளியே போயாக வேண்டுமே, வெளிப்பெட்டிகளைக் கூரையோரமாக வானத்தைப் பார்த்து நிறுத்தினான். வேறு இடமில்லை என்று கமிட்டியில் சொன்னான். இடம் இருந்தது.

பிறகு வீட்டுக்குப் போய், உள்ளதை உள்ளபடி சிமுலேட்டரிலும் ஏற்றினான். பல் வைத்தியர் பறந்து பார்த்துவிட்டு, பேராக்கிலேயே சிறந்த தெர்மல் இதுதான் என்று எழுதினார். ஆட்டுக்காரர் அங்கிருந்து கிளம்ப மறுத்துப் பந்தயத்தில் தோற்றார்.

கல்யாண முகூர்த்தமும் அதே குருக்கள் குறித்ததுதான், ஒன்பதரைக்குத்தான். மண்டபம் நிறைந்திருந்தது. சனங்களின் சூட்டையெல்லாம் ஏர்கோன்கள் விடிந்ததிலிருந்து வாரி வெளியே இறைத்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் நாகூர் மீரான் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாயாண்டி பக்கத்திலிருந்தவரிடம், “எங்க மச்சான் கோயில்ல ஒம்போது வந்துச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

குருக்கள் தாலித்தட்டை நீட்டிய நேரத்தில் பெண்ணின் அப்பாவைக் காணோம். மேளக்காரர் கெட்டிமேளத்தை எங்கே தொடங்குவது என்று தவித்தார். ஷாமினி மாலைக்குள்ளிருந்து வாசலைப் பார்த்தாள். ராமையா வெளியிலிருந்து வேகமாக வந்தார், வேர்த்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, அவன் காதோரம் குனிந்தார்.

“மாப்ளே, கட்டிட்டு ஏர்கோன இன்னும் கொஞ்சம் கூட்டி வை. மேல நாலு சுத்துது. அதுல ஒண்ணு எறங்குற மாதிரித் தெரியுது.”